பத்து மணிப் பள்ளிக்கூடத்துக்கு ஐந்து மணிக்கு எழுப்புகிறோம்

சித்தூர்ப்புழை – செவ்வாய், இரவு 10.50

என் அண்ணன் மகள் லண்டனிலுள்ள கிராய்டனிலிருந்து லீவுக்கு வந்திருக்கிறாள். பதினைந்து வயது. என் மகளுக்கும் பதினைந்துதான், மூன்று வாரம் மூத்தவள். அங்கே ஜூலை கடைசியில் மூடிய பள்ளிக்கூடம் செப்டம்பரில்தான் திறக்கும். இங்கே ஓணப் பரீட்சை நெருங்கிவிட்டது. இரண்டு பேரும் ஒரே கட்டிலில் படுக்கிறார்கள். அங்கேதான் வினை ஆரம்பம்.

காலை ஐந்து மணிக்கு என் மகளின் அலாரம் அடிக்கும். அணைத்துவிட்டுத் திரும்பிப் படுப்பாள். ஐந்து பத்துக்கு நான் போய் விளக்கைப் போடுவேன். ஆறு மணிக்குக் கணக்கு ட்யூஷன். ஏழே முக்காலுக்குத் திரும்பி வந்து, நின்றுகொண்டே இரண்டு இட்லி. 8.50 பஸ். பள்ளி 9.45 முதல் 4.15 வரை. ஐந்து மணிக்கு சயின்ஸ் ட்யூஷன். வீட்டுக்கு வந்து குளித்து, சாப்பிட்டு, ஹோம்வொர்க் முடித்துப் படுக்கும்போது பதினொன்று தாண்டிவிடும்.

மூன்றாம் நாள் அண்ணன் மகள் கேட்டாள்: “அத்தை, ஸ்கூல் 9.45க்குத்தானே? அப்புறம் எதுக்கு அஞ்சு மணிக்கு லைட்டு?”

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். எல்லாரும் அனுப்புகிறார்கள் என்பதைத் தவிர வேறு எதுவும் வரவில்லை. அவளுக்கு அங்கே 8.30க்கு வகுப்பு, ஏழு மணிக்கு எழுந்தால் போதும் என்கிறாள். பள்ளி நமக்கு ஒன்றே கால் மணி நேரம் தாமதமாகத் தொடங்குகிறது, நம் பிள்ளை இரண்டு மணி நேரம் முன்னால் எழுந்திருக்கிறது.

எந்த நாடு உசத்தி என்று கேட்கவில்லை. அண்ணன் மகளுக்கும் தொல்லைகள் இருக்கின்றன, இரவு பன்னிரண்டு மணி வரை போர்வைக்குள் போன் வெளிச்சம் தெரிகிறது. பாலக்காட்டில் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் வளரும் பிள்ளையின் ஒரு நாளையும் அங்கே வளரும் பிள்ளையின் ஒரு நாளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர்கள் யாராவது இருந்தால் எழுதுங்கள்.

மீனாட்சிபுரம் செக்போஸ்ட் – செவ்வாய், இரவு 11.15

அவர்களுக்கு நீட் இல்லை, தூங்கலாம். நமக்கு இருபது லட்சத்துக்கு மேல் பிள்ளைகள் ஒரே நாளில் உட்கார்ந்து எழுதுகிற பரீட்சை. நாங்களெல்லாம் மண்ணெண்ணெய் விளக்கில் படித்தவர்கள்தான், செத்தா போய்விட்டோம்?

வல்லங்கிக்காரி – புதன், அதிகாலை 3.20 (இங்கே இன்னும் செவ்வாய் இரவு)

நெம்மாறையில் பிறந்து, பதினான்கு வருடமாக லண்டனுக்குத் தெற்கே நர்ஸாக இருக்கிறேன். நைட் டியூட்டி நடுவில் எழுதுகிறேன், எழுத்துப்பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

செக்போஸ்ட் அண்ணா, நீட் இல்லைதான். ஆனால் பதினாறு வயதில் ஜிசிஎஸ்இ என்று ஒன்று இருக்கிறது. என் மகனுக்கு ஒன்பது பாடம், பாடத்துக்கு இரண்டு மூன்று பேப்பர். மே மாதம் ஆரம்பித்து ஜூன் பாதி வரை இருபதுக்கு மேல் தடவை போய் உட்கார்ந்தான். அந்த ஆறு வாரமும் வயிற்று வலி என்றான். டாக்டர் பார்த்துவிட்டு வயிற்றில் ஒன்றுமில்லை என்றார். ஒன்றுமில்லாத வயிற்று வலிதான் இங்கே நான் அதிகம் பார்ப்பது.

குளிர்காலம் என்று ஒன்றும் இருக்கிறது. டிசம்பரில் நான்கு மணிக்குள் இருட்டிவிடும். பிள்ளை இருட்டில் போய் இருட்டில் வரும். அக்டோபர் முதல் மார்ச் வரை எல்லாரும் தினம் 10 மைக்ரோகிராம் வைட்டமின் டி எடுத்துக்கொள்ளலாம் என்பது இங்கே அரசு சுகாதாரத் துறையின் அறிவுரை. நம்மைப் போன்ற கறுத்த தோல்காரர்கள் வருடம் முழுவதும் எடுப்பது பற்றி யோசிக்கச் சொல்கிறார்கள். பாலக்காட்டு வெயிலைத் திட்டித் திட்டி வளர்ந்தவள் நான். இப்போது வெயிலை மாத்திரையாக வாங்குகிறேன்.

உடம்பைப் பொறுத்தவரை இங்கே உள்ள கவலை எடை. இங்கிலாந்தில் ஆரம்பப் பள்ளி முடியும் 10–11 வயதிலேயே எல்லாப் பிள்ளைகளையும் அளந்து எடை பார்க்கிறார்கள். ஐந்தில் ஒரு பிள்ளைக்கு மேல் உடல் பருமன் கணக்கில் வருகிறது. 2018 ஏப்ரலில் சர்க்கரை பானங்களுக்குத் தனி வரி போட்டார்கள். 100 மில்லிக்குச் சர்க்கரை 5 கிராமைத் தொட்டால் வரி, 8 கிராமைத் தொட்டால் இன்னும் அதிகம். வரிக்குப் பயந்து கம்பெனிகளே சர்க்கரையைக் குறைத்துவிட்டன. அது நல்ல வேலை. ஆனால் பள்ளி விட்டதும் பிள்ளைகள் நேராகப் போவது கோழி வறுவல் கடைக்கு, அதற்கு அப்படித் தனி வரி கிடையாது.

இரண்டு ஊர்ப் பிள்ளைகளும் ஒரே மாதிரி அவதிப்படும் விஷயம் ஒன்று உண்டு, நாளை வந்து சொல்கிறேன். பெல் அடிக்கிறார்கள்.

தமிழ் மீடியம் டீச்சர் – புதன், காலை 7.05

சித்தூர்ப்புழை அம்மா, உங்கள் கேள்வி என்னைப் போன்ற ஆசிரியர்களுக்கும் சேர்த்து விழுந்த அடி.

தூக்க விஷயத்தில் விஞ்ஞானம் என்ன சொல்கிறது என்றால், பருவ வயதில் உடம்புக்குள் இருக்கும் கடிகாரமே ஒன்றிரண்டு மணி நேரம் பின்னால் தள்ளிப்போகிறது. தூக்கத்தைக் கொண்டுவரும் மெலடோனின் என்ற சுரப்பு இரவில் தாமதமாகத்தான் ஏறும். பத்து மணிக்குப் படு என்றால் படுக்கும், தூங்காது. காலையில் எழுப்பினால் அதன் உடம்புக்கு அது நடுச்சாமம். சோம்பேறித்தனம் என்று நாம் வைத்த பெயர் தப்பு. 13 முதல் 18 வயது வரை ஒரு நாளைக்கு எட்டு முதல் பத்து மணி நேரத் தூக்கம் வேண்டும். மேரி கார்ஸ்கடன் என்ற ஆய்வாளர் 1970களில் ஸ்டான்ஃபோர்டில் பிள்ளைகளைக் கோடை முகாமில் வைத்து, தூங்கவிட்டுப் பார்த்தார். வயது ஏற ஏறத் தூக்கம் குறைவாகப் போதும் என்று எல்லாரும் நினைத்திருந்தார்கள். பெரிய பிள்ளைகளும் சின்னப் பிள்ளைகள் அளவுக்கே தூங்கினார்கள், பகலில் கூடுதலாகத் தூங்கிவழிந்தவர்களும் அவர்கள்தான்.

இதையெல்லாம் வைத்து அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2014ல் 8.30க்கு முன்னால் உயர்நிலைப் பள்ளியைத் தொடங்காதீர்கள் என்றது. கலிஃபோர்னியா 2019ல் சட்டமே போட்டு, 2022 ஜூலையிலிருந்து அமல்படுத்தியது. அதற்கு அங்கே எத்தனை வருடச் சண்டை! பஸ் ரூட் மாற வேண்டும், பெற்றோர் வேலைக்குப் போக வேண்டும் என்று.

நம்மிடம் அது சும்மாவே இருந்தது. கேரளத்தில் தலைமுறை தலைமுறையாகப் பத்து மணி பெல். 2025ல்தான் ஹைஸ்கூலுக்கு மட்டும் கால் மணி முன்னால் போய் 9.45 ஆனது. கேரளப் பள்ளிக் கல்வியை ஆராய அரசு போட்ட காதர் கமிட்டி 2022ல் காலை எட்டு முதல் ஒரு மணி வரை வைக்கலாம் என்று பரிந்துரைத்தபோது, நல்ல வேளை, அது அப்படியே கிடந்தது. மற்ற நாட்டில் சட்டம் போட்டு வாங்கிய காலைத் தூக்கத்தை நாம் ட்யூஷனுக்குத் தானம் கொடுத்துவிட்டோம்.

முதல் பீரியடில் பத்தாம் வகுப்புக்குள் போனால் கொட்டாவி ஒரு பெஞ்சிலிருந்து அடுத்த பெஞ்சுக்குப் போவதைக் கண்ணால் பார்க்கலாம். அந்தப் பிள்ளைகளில் பாதிப்பேர் என் சக ஆசிரியரிடம் ஆறு மணிக்குக் கணக்கு படித்துவிட்டு வந்தவர்கள். அதே கணக்கை நான் மறுபடி நடத்துகிறேன்.

எங்கள் பிள்ளைகளுக்குத் தனியாக இன்னொரு சுமையும் உண்டு. வீட்டில் தமிழ், பத்தாவது வரை தமிழில் பாடம், பஸ்ஸிலும் ஆபீஸிலும் மலையாளம், ப்ளஸ் ஒன் போனதும் எல்லாம் திடீரென்று இங்கிலீஷ். ஒளிச்சேர்க்கை என்று படித்தவள் ஃபோட்டோசிந்தசிஸ் என்று கேட்டதும் விழிக்கிறாள். அந்தப் பயத்தில்தான் ஒன்பதாம் வகுப்பிலேயே ட்யூஷனுக்குக் கூட்டம். பெற்றோரை மட்டும் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ப்ளஸ்டூ பாவம் – புதன், மாலை 6.40

இழை முழுக்கப் பெரியவர்கள். நான் பிள்ளை. பதினேழு. கோவிந்தாபுரம் பக்கம்.

தூக்கம் சரி. பஸ்ஸை விட்டுவிட்டீர்கள். கன்செஷன் டிக்கெட் என்பதால் பஸ் கிளம்பும் வரை கண்டக்டர் எங்களை உள்ளே ஏறவே விடமாட்டார். கதவுக்கு வெளியே வரிசையாக நிற்க வேண்டும். சீட் காலியாக இருந்தாலும் உட்காரக் கூடாது. பையின் கனத்தோடு நாற்பது நிமிடம் நின்றுகொண்டே போகிறேன். சாயந்திரம் மறுபடி. இதெல்லாம் ஆரோக்கியக் கணக்கில் வருமா வராதா?

வல்லங்கிக்காரி – புதன், இரவு 8.10

வரும் தம்பி. இங்கே லண்டனில் பதினைந்து வயது வரை அட்டை வைத்திருந்தால் பஸ் இலவசம். பிள்ளை ஏறி, பஸ் மாடியில் முன் சீட்டில் உட்கார்ந்துவிடும். அதைப் பெரிய விஷயமாக நானும் நினைத்ததில்லை, நீ சொன்ன பிறகுதான் என் பிளஸ்டூ நாட்கள் ஞாபகம் வந்தன. கண்டக்டரின் முகம்கூட ஞாபகம் இருக்கிறது.

நேற்றுச் சொல்லாமல் விட்டது கழிப்பறை. என் மகள் பள்ளியில் வகுப்பு நேரத்தில் கழிப்பறைகளைப் பூட்டிவிடுகிறார்கள். உள்ளே போய் வேப் (மின் சிகரெட்) இழுக்கிறார்கள், சண்டை போடுகிறார்கள் என்று காரணம். இடைவேளையில் நீண்ட வரிசை. மகள் என்ன செய்கிறாள்? தண்ணீர் குடிப்பதில்லை. பாட்டில் நிரப்பியபடி போகும், நிரப்பியபடி வரும். நான் நெம்மாறையில் அதையேதான் செய்தேன், எங்கள் பள்ளிக் கழிப்பறைக்குக் கதவு இல்லாததால். காரணம் வேறு, மூத்திரக் கடுப்பு ஒன்றுதான்.

இங்கே ஒரு நல்லது: 2020ல் இங்கிலாந்தின் அரசுப் பள்ளிகளில் இலவச நாப்கின் திட்டம் தொடங்கினார்கள்.

நீல மாத்திரை – புதன், இரவு 9.30

நான் பாலக்காட்டுச் சித்தூர் தாலுகாவில் ஜூனியர் பப்ளிக் ஹெல்த் நர்ஸ். பேரைப் பார்த்தாலே தெரியும், பள்ளிப் பிள்ளைகளுக்கு வாரம் ஒரு நீல மாத்திரை கொடுக்கும் ஆள்.

கழிப்பறை பற்றி ஒரு வார்த்தை. கேரளத்தில் 2019ல் வாட்டர் பெல் ஆரம்பித்தார்கள். தண்ணீர் குடிப்பதற்கென்றே மணி. நல்ல யோசனை, தமிழ்நாட்டுக்கும் பின்னால் போனது. ஆனால் குடித்த தண்ணீர் எங்கே போகும் என்பதற்கு மணி கிடையாது. பள்ளிக்குப் போனால் நான் முதலில் பார்ப்பது கழிப்பறைத் தாழ்ப்பாளைத்தான். நாப்கினுக்கு இங்கே 2017 முதல் ஷீ பேட் திட்டம் இருக்கிறது, மெஷின் ரிப்பேர் ஆகாத பள்ளிகளில் நன்றாகவே நடக்கிறது.

இனி என் விஷயம். கிராய்டனில் கவலை எடை என்றால் இங்கே ரத்தம். தேசியக் குடும்ப நல ஆய்வு 2019–21ல் எடுத்த கணக்குப்படி இந்தியாவில் 15–19 வயதுப் பெண்களில் 59 சதவீதத்துக்கு ரத்தசோகை. அதற்கு முந்தைய ஆய்வில் 54. கூடியிருக்கிறது. அதே வயதுப் பையன்களில் 31. கேரளம் மற்ற மாநிலங்களைவிட நன்றாக இருக்கிறது என்று இங்கே மார்தட்டுவார்கள், அப்படியும் மூன்றில் ஒரு பெண்.

மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்புச் சத்து, 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம். ஜன்னல் வழியாக எறிவார்கள். மழைக்குப் பிறகு வகுப்புக்குப் பின்னால் நீலமாகக் கிடப்பதைப் பார்த்திருக்கிறேன். காரணம் குமட்டல். வெறும் வயிற்றில் போட்டால் குமட்டத்தான் செய்யும். ஆறு மணி ட்யூஷனுக்குப் பால் இல்லாத கட்டன் சாயா மட்டும் குடித்துவிட்டு ஓடும் பிள்ளைக்கு எந்த வயிறு இருக்கும்? சாப்பாட்டோடு சேர்த்துத் தேநீர் குடித்தால் சாப்பாட்டிலுள்ள இரும்பும் உடம்பில் ஒட்டாது. மாத்திரை போட்டால் மலம் கறுப்பாகப் போகும், அது சாதாரணம். இதை முன்கூட்டியே சொல்லாவிட்டால் அம்மாமார் பயந்து நிறுத்திவிடுவார்கள்.

சித்தூர்ப்புழை அக்கா, நின்றுகொண்டே இரண்டு இட்லி என்று எழுதியிருந்தீர்கள். மகளுக்கு ஹீமோகுளோபின் எப்போது பார்த்தீர்கள்?

நகரி நெசவு – வியாழன், காலை 5.50

நாங்கள் ஆந்திரா பக்கம், வீட்டில் தமிழ். உங்களுக்காவது பத்து மணி பெல் இருந்தது. இங்கே இன்டர் (உங்கள் ப்ளஸ் ஒன், ப்ளஸ் டூ) படிக்கும் பிள்ளைகளைத் தங்கிப் படிக்கும் காலேஜில் சேர்ப்பது வழக்கம். என் மகனையும் சேர்த்தேன். பெயர் வேண்டாம். காலை ஐந்து மணிக்கு விசில், இரவு பத்தரை வரை ஸ்டடி ஹவர். மாதம் ஒரு ஞாயிறு பார்க்கலாம். விளையாட்டு மைதானம் விளம்பரப் படத்தில் இருந்தது.

முன்பெல்லாம் பிள்ளைகள் மாமரத்திலிருந்து விழுந்து, கபடியில் விழுந்து, கை ஒடிந்து புத்தூர்க் கட்டுக்கு வருவார்கள். லீவு நாளில் அங்கே கூட்டம் தாங்காது. என் மகனுக்குக் கையை ஒடித்துக்கொள்ளவும் நேரம் கிடைக்கவில்லை.

எட்டாம் மாதம் போனில், “நைனா, எனக்கு எதுவும் ஞாபகம் நிற்க மாட்டேங்குது” என்றான். சாதாரணமாகத்தான் சொன்னான். குரல் சாதாரணமாக இல்லை. மறுநாள் போய் அழைத்து வந்துவிட்டேன். கட்டிய பீஸில் ஒரு ரூபாய் திரும்பவில்லை. மூன்று நாள் தூங்கினான். இப்போது வீட்டிலிருந்தே போய் வருகிறான், மார்க் குறைந்திருக்கிறது, தறிச் சத்தத்தில்தான் படிக்கிறான், சாப்பிடுகிறான்.

மீனாட்சிபுரம் செக்போஸ்ட் – வியாழன், மதியம் 1.30

நகரி அண்ணா செய்தது சரி. அதில் பேச்சில்லை.

ஆனால் ஒரு கணக்கு சொல்கிறேன். கூகுளில் தேடினேன். நம் நாட்டு மனநல ஆய்வில் (2015–16) 13–17 வயதில் 7.3 சதவீதம் பேருக்குத்தான் பிரச்சினை. இங்கிலாந்தில் 2023ல் 8–16 வயதில் 20.3 சதவீதம். அப்படியானால் மனசு கெட்டுப்போனது யாருக்கு? அதோடு, உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வுப்படி உலகத்தில் 81 சதவீதப் பிள்ளைகள் போதிய அளவு உடம்பை அசைப்பதில்லை, நம் நாட்டில் 74. இதிலும் நாம்தான் தேவலை.

வல்லங்கிக்காரி – வியாழன், மாலை 4.45

அண்ணா, இரண்டு தராசில் நிறுத்துவிட்டு எது கனம் என்று கேட்கிறீர்கள். இங்கே எடுத்தது பிள்ளையும் பெற்றோரும் நிரப்பிய கேள்வித்தாள். அவர்களே ‘இருக்க வாய்ப்புள்ளது’ என்றுதான் எழுதுகிறார்கள். அங்கே எடுத்தது நேரில் உட்கார வைத்து, நோய் என்று உறுதிப்படுத்தும் பேட்டி. ஆய்வுக்காரர்கள் வரும் வீட்டில் அம்மா பக்கத்தில் நிற்பாள். பதினைந்து வயதுப் பெண், தனக்கு வாழவே பிடிக்கவில்லை என்று முன்பின் தெரியாத ஆளிடம் சொல்வாளா? வருடங்களும் வேறு, நடுவில் கொரோனா. இங்கே பெயர் வைத்து எண்ணுகிறார்கள், எண்ணிவிட்டு மாதக்கணக்கில் காத்திருக்க வைக்கிறார்கள். என் தோழியின் மகள் முதல் சந்திப்புக்கு ஏழு மாதம் காத்திருந்தாள். அதனால் இங்கேயும் ஆகா ஓகோ இல்லை.

ப்ளஸ்டூ பாவம் – வியாழன், மாலை 6.15

அந்த 74 பற்றி நானும் படித்தேன். இந்தியப் பெண் பிள்ளைகள் கொஞ்சம் பரவாயில்லை என்று வந்ததற்கு, அவர்கள் செய்யும் வீட்டு வேலை காரணமாக இருக்கலாம் என்று ஆய்வு செய்தவர்களே சொல்கிறார்கள். அதாவது என் தங்கை தண்ணீர் சுமப்பதும் முற்றம் கூட்டுவதும் உடற்பயிற்சி. அவளிடம் சொன்னேன். துடைப்பத்தை என் கையில் கொடுத்து, “நீயும் ஆரோக்கியமா இரு” என்றாள்.

தமிழ் மீடியம் டீச்சர் – வியாழன், இரவு 9.00

சிரித்துவிட்டேன். தங்கைக்கு என் வாழ்த்து.

வல்லங்கிக்காரி எழுதியதைப் படித்ததும் இதைப் போடத் தோன்றியது. பிள்ளைகளும் படிப்பதால் எழுதுகிறேன்: மனசு சரியில்லை என்றால் டெலி மானஸ் 14416, கேரளத்தில் திசா 1056. இரண்டுமே எந்த நேரமும். தமிழில் பேசலாமா என்று கேட்டுப் பேசலாம்.

மீனாட்சிபுரம் செக்போஸ்ட் – வியாழன், இரவு 10.20

ஒரு விஷயம் சொல்லாமலே வாதாடிக்கொண்டிருந்தேன். நான் ஆட்டோ ஓட்டுகிறேன். காலை 5.40க்கு ட்யூஷன் சவாரி, ஆறு பிள்ளைகள். ஏறி ஐந்து நிமிடத்தில் ஆறு பேரும் தூங்கிவிடுவார்கள், ஒருவர் தோளில் ஒருவர். பள்ளத்தில் இறக்காமல் பார்த்து ஓட்டுவேன். கொஞ்சம் சுற்றுவழியாகப் போய் ஐந்து நிமிடம் கூடுதலாகத் தூங்கவிடுவதும் உண்டு, எண்ணெய்ச் செலவு என்னுடையது. ட்யூஷனை நிறுத்தச் சொல்கிறீர்கள். நிறுத்தினால் எனக்கு மாதம் மூவாயிரத்து அறுநூறு போகும். அதையும் யாராவது கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சித்தூர்ப்புழை – பதினேழு நாள் கழித்து, ஞாயிறு, காலை 11.00

காணாமல் போனதற்கு மன்னிக்கவும். ஓணப் பரீட்சை, ஓணம், அண்ணன் மகளை நெடும்பாசேரி ஏர்போர்ட்டில் ஏற்றிவிட்டது என்று போய்விட்டது.

கணக்கு மாஸ்டரிடம் போய் ட்யூஷனைச் சாயந்திரத்துக்கு மாற்ற முடியுமா என்று கேட்டேன். மற்ற பெற்றோர் சம்மதித்தால் மாற்றுகிறேன் என்றார். ஒன்பது வீட்டுக்கு நானே நடந்தேன். இரண்டு பேர் சரி என்றார்கள். ஒருவர் என் மகள் பின்தங்கினால் தன் மகளுக்கு நல்லதுதானே என்று சிரித்துக்கொண்டே சொன்னார், அது பகடியா என்று இன்னும் தெரியவில்லை. மீதிப்பேர் அடுத்த வருடம் பார்க்கலாம் என்றார்கள். அடுத்த வருடம் பத்தாவதே முடிந்துவிடும்.

அதனால் காலை ட்யூஷனை மட்டும் நிறுத்திவிட்டேன். கணக்கில் சந்தேகம் வந்தால் சனிக்கிழமை டீச்சர் ஒருவர் வீட்டில் சொல்லித்தர ஒத்துக்கொண்டிருக்கிறார். (இந்த இழையில் இருப்பவர்தான், அவருக்குத் தெரியும்.) செக்போஸ்ட் அண்ணா, என் மகள் உங்கள் ஆட்டோவில் வருபவள் இல்லை, சைக்கிள். அந்த அளவுக்கு நிம்மதி.

நீல மாத்திரை சொன்னபடி ரத்தம் பார்த்தோம். 10.4. குறைந்தது பன்னிரண்டு இருக்க வேண்டுமாம். ஹெல்த் சென்டர் டாக்டர் வாரம் ஒன்று போதாது என்று தினமும் போட மாத்திரை எழுதியிருக்கிறார். சாப்பிட்ட பிறகு, சாயா இல்லாமல். முதல் நாலு நாள் குமட்டினாள், இப்போது இல்லை.

ட்யூஷன் நின்ற முதல் திங்கட்கிழமை ஐந்து பத்துக்கு வழக்கம்போல எனக்கு விழிப்பு வந்துவிட்டது. விளக்கைப் போடக் கை போனது, இழுத்துக்கொண்டேன். ஏழு மணி ஆயிற்று, ஏழே கால் ஆயிற்று, அவள் எழுந்திருக்கவில்லை. என் மாமியார் இரண்டு தடவை எட்டிப் பார்த்தார். மூன்றாவது தடவை உள்ளே போய், காய்ச்சலோ என்று நெற்றியில் கை வைத்துப் பார்த்தார்.